நெருப்பு மூட்டி வாங்கிய காற்று

முற்றத்தின் நடுவில் வைத்துக் கோணியை அவிழ்த்தார் என் கணவர். உள்ளேயிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சாமான் வெளிப்பட்டது. மேலே மூன்று பித்தளை இறக்கைகள். அவற்றைச் சுற்றிக் கம்பிக் கூடு. அதற்குக் கீழே கறுத்துப்போன ஓர் இரும்பு உருளை. எல்லாவற்றுக்கும் அடியில், தகரக் கூண்டுக்குள், சமையலறையில் எரியும் சிம்னி விளக்கைப் போலவே ஒரு விளக்கு.

"ஃபேன்" என்றார்.

"ஃபேனுக்கு எதுக்குடா வெளக்கு? இருட்டுல காத்துக்கு வழி தெரியாதா?" என்று கேட்டார் என் மாமியார்.

"அது வெளக்கு இல்லம்மா, அதான் எஞ்சினு. கிருஷ்ணாயில் ஊத்தி திரியைக் கொளுத்தணும். மேல கீற குழாய் சூடாவும். சூடானா உள்ள கீற காத்து ஒதைக்கும். ஒதைச்சா றெக்கை சுத்தும்."

மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அப்போ, வெய்யில் தாங்காம ஒரு பொண்ணு உள்ள துடிச்சிக்கினு கீறா. அவளுக்கு நீ நெருப்பு மூட்டப் போற."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத மருமகள் மாமியார் எதிரில் சிரிப்பதாவது! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். தூண் என்னைவிட ஒல்லி. என் தோள் குலுங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

என் கணவர் தீக்குச்சியைக் கிழித்தார்.

அந்தக் குச்சி எரியட்டும். அதற்குள் நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

மெத்தை வீடு

போன இதழில் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். "பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டீர்களே அம்மா, புகுந்த வீட்டுக்கு எப்போது போவதாக உத்தேசம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதோ, எழுந்து கை கழுவிவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது செவ்வாப்பேட்டையில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எத்தனை வெயில் அடித்தாலும், சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கெல்லாம் கடல் காற்று எங்கள் ஊர் ஸ்டேஷனைத் தாண்டிவிடும். அதை நாங்கள் ஒரு ரயில் மாதிரியே எதிர்பார்ப்போம். "இன்னிக்கு லேட்டு" என்போம். "இன்னிக்கு ரைட் டைம்" என்போம்.

என்னைக் கொடுத்த ஊர் திருவாலங்காட்டு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் இரண்டு மைல். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கடல் காற்று களைத்துப்போய்விடும். வந்தாலும் விளக்கு வைத்தபின் வரும். பல நாள் வரவே வராது.

மாமனாருக்கு நெல் வயல்கள் இருந்தன. நல்ல மனிதர், பெரிய குரல். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம்தான், தலைமுறையாக இருந்த பனையோலைக் கூரை வீட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டியிருந்தார். செங்கல் சுவர், சுண்ணாம்புத் தளம், சிவப்பு சிமெண்டுத் தரை. அந்தத் தெருவிலேயே முதல் மெத்தை வீடு. கிரகப்பிரவேசத்துக்குத் திருவள்ளூரிலிருந்து நாயனம் வந்ததாம்.

எல்லாம் சரிதான். பழைய கூரை வீடு பானைத் தண்ணீர் போலக் குளுகுளுவென்று இருக்கும் என்பதைக் கட்டும்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சித்திரை பிறந்ததும் மெத்தை வீடு தன் குணத்தைக் காட்டியது. மொட்டை மாடியில் இட்ட வடாம் ஒரே பகலில் காய்ந்தது. கீழே நாங்களும் அப்படியே காய்ந்தோம்.

மாமனார் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். மார்பிலும் முதுகிலும் வேர்வை வழிய, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா காத்து பாரு! கூரை ஊட்ல வருமா இது?" என்பார். துண்டைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும்.

சம்பந்தியம்மாளின் கடிதம்

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் கனகா பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை. வண்ணாரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மின்சாரம் உண்டு, பட்டனைத் தட்டினால் மேலே சுற்றுகிற ஃபேன் உண்டு. எங்கள் கிராமத்தில் மின்கம்பம் எப்படியிருக்கும் என்று பார்க்க ரயில் ஏறிப் போகவேண்டும்.

முந்தின வருஷம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறிப்போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அவள் எழுந்தால் நாலு கை நீளும்; உட்கார்ந்தால் நாலு கண் பார்க்கும்.

இப்போது ஒன்பதாம் மாதம். அக்கினி நட்சத்திரம் வேறு ஆரம்பித்துவிட்டது. கனகாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சாப்பாடு இறங்கவில்லை. ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு தரையில் புரள்வாள். தரையும் சுடும். ஒரு நாள் முற்பகலில் கிணற்றடிக்குப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், பிடித்துக்கொண்டேன். அவளைத் தாங்கிக்கொண்டு நான் அலறிய அலறலில் தெருவே ஓடி வந்தது.

செய்தி எப்படியோ வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டது. கனகாவின் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி காலை ரயிலில் வருகிறேன்; பெண் படுப்பதற்குக் குளிர்ச்சியாக ஓர் அறை இல்லையென்றால் கையோடு அழைத்துப் போய்விடுகிறேன்; தவறாக நினைக்க வேண்டாம்.

கடிதத்தைப் படித்துக் காட்டிய என் கணவர் குரலைத் தாழ்த்தினார். மாமியார் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒம்போது மாசத்துப் பொண்ண இந்த வெய்யில்ல வண்டியில, ரயில்ல குலுக்கிக்கினு போறதா? போன தபா பட்டது போதாதா?"

அன்றைக்கு வீட்டில் நடந்த ஆலோசனையை எந்த மந்திரி சபையிலும் பார்க்க முடியாது. மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றார் ஒருவர். தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளிக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் மறுநாளே செய்தோம். கொஞ்சம் குறைந்தது. ஆனால் அறைக்குள் காற்று நகரவே இல்லை.

கனகாவே ஒரு வழி சொன்னாள். "மாட்டுக் கொட்டாய்தான் ஜில்லுனு கீது. கூரை போட்டதாச்சே. நான் அங்கியே படுத்துக்கறேன் நைனா."

மாமனார் முகம் தொங்கிவிட்டது. மெத்தை வீடு கட்டியவரின் மகள் மாட்டோடு படுப்பதா! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெட்டிவேர் தட்டி கட்றேன். மேற்கால ஜன்னலுக்குக் கட்டி தண்ணி தெளிச்சா, கலெக்டர் பங்களா கணக்கா ஆயிடும்" என்றார்.

"தட்டி இன்னா பண்ணும் நைனா? காத்து வீசினாதானே தட்டி! நான் ஃபேன் இட்டாறேன்" என்றார் என் கணவர்.

"கரண்டு எங்கடா? உங்க பள்ளிக்கூடத்துல பசங்க வெரல் உட்டு சுத்துவானுங்களா?"

என் கணவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறை ஆகையால் வீட்டில் இருந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் முற்றி, மறுநாள் காலை இருவரும் ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் ஏறித் திருவள்ளூருக்குப் போனார்கள். ஒருவர் வெட்டிவேர் வாங்க. மற்றவர் ஃபேன் வாங்க. திரும்பும்போதும் அப்படியே. ஸ்டேஷனிலிருந்து வண்டி ஒன்றுதான் என்பதால் அதில் மட்டும் சேர்ந்து வந்தார்கள், நடுவில் கோணி சுற்றிய ஃபேனை உட்கார வைத்துக்கொண்டு.

பாய் சொன்னது

அந்த ஃபேனைக் கொடுத்தவர் பழவேற்காட்டுக்காரர். திருவள்ளூர் கடைத்தெருவில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். பட்டணத்துப் பெரிய வீடுகளில் மின்சாரம் வந்ததும் தூக்கிப் போட்ட மண்ணெண்ணெய் ஃபேன்களில் ஒன்றை வாங்கிப் பரணில் போட்டிருந்தாராம்.

விஷயத்தைக் கேட்டதும், "பிள்ளைத்தாய்ச்சி ஊட்டுக்கா? தம்பி, மொதல்ல நாஷ்டா துண்ணு, குந்து" என்று உட்கார வைத்து, முழுவதையும் கழற்றிக் காட்டி, மறுபடி மாட்டிக் காட்டியிருக்கிறார்.

"தா பாரு, இது குதிரை மாரி. தட்டிக் குடு, ஓடும். அவசரப்பட்டு அடிச்சே, நின்னுக்கும். திரியை நேரா கத்திரி. கண்ணாடியில கரி சேரக்கூடாது. தையல் மெஷின் எண்ணெய் ஒண்டி, அதுவும் தெனம் ஒரு சொட்டு. அவ்ளோதான்."

ஒரு சின்னப் பாட்டில் எண்ணெயும் இனாமாகக் கொடுத்தார். இதையெல்லாம் என் கணவர் எனக்குச் சொன்னார், எண்ணெய் விஷயத்தைத் தவிர. பாட்டில்தான் கூடவே வந்திருக்கிறதே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழி முழுக்க என்மேல் விழப் போகிறது.

சுற்றியது

தீக்குச்சி எரிகிறது. முற்றத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

திரியைக் கொளுத்தினார். "பத்து நிமிஷம் ஆவும்" என்றார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரு சின்னத் தீயை வெறித்துப் பார்த்தோம். கனகாகூட அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கனைப்பு.

என் கணவர் இறக்கையை விரலால் சுண்டினார். பாதி சுற்றி நின்றது. இன்னொரு சுண்டு. முன்னும் பின்னும் ஆடி நின்றது. மாமனாரின் கனைப்பு ஜோராகக் கேட்டது. மூன்றாம் முறை, டுக்... டுக்... என்று ஏதோ இருமியது. பிறகு டுக்டுக்டுக்கென்று இறக்கைகள் கரைந்து ஒரே பித்தளை வட்டமாகிவிட்டன.

"சுத்துது! மெய்யாலுமே சுத்துது!" என்று கத்தியது நான்தான். வாயில் முந்தானை இல்லாததைப் பிறகுதான் கவனித்தேன்.

மாமியார் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"காத்து வருது" என்றார். "அடுப்பங்கரைக் காத்து."

உண்மைதான். சுட்டுக்கிடந்த காற்றைத்தானே அது தள்ளும்? அறைக்குள் வைத்தபோது மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்துகொண்டது. கனகா குமட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என் கணவர் அன்று யாரோடும் பேசவில்லை.

மறுநாள் மாமனாரின் தட்டி மேற்கு ஜன்னலில் ஏறியது. தண்ணீர் தெளித்ததும் அப்படி ஒரு வாசனை! முதல் மழை பெய்த வயல் மாதிரி. ஆனால் வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. வாசனை ஜன்னலோடு நின்றுகொண்டது. அறை புழுங்கி, சுவரெல்லாம் ஈரக்கசிவு. கனகா இப்போது வேர்வையும் தண்ணீருமாகப் படுத்திருந்தாள். மாமனாரும் அன்று யாரோடும் பேசவில்லை.

வீட்டில் இரண்டு ஆண்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து நடந்ததை நான் புத்திசாலித்தனத்தால் செய்ததாகச் சில உறவுக்காரர்கள் சொல்வார்கள். இல்லை. கனகாவுக்கு வாடை பிடிக்கவில்லையே என்று, ஃபேனை எங்கே வைத்தால் நாற்றம் வெளியே போகும் என்று பார்த்தேன். ஜன்னலுக்குக் கிட்டே நகர்த்தினேன். முதுகு தட்டிப் பக்கம், முகம் அறைப் பக்கம். திரியைக் கொளுத்தினேன், காத்திருந்தேன், சுண்டினேன்.

முதலில் வந்தது வாசனை. பிறகு என் முழங்கையில் ஏதோ பட்டது. என்னவென்று புரியவில்லை. ஜில்லென்றிருந்தது!

"அண்ணி" என்றாள் கனகா, தரையில் படுத்தபடியே. "இன்னா பண்ணே? ஆரு கதவத் தொறந்தது?"

ஈரத் தட்டிக்குள் புகுந்து வரும் காற்றை ஃபேன் இழுத்து அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் கூச்சல் போட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் ஐந்து பேரும் கையை நீட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றோம். மாமியார் சிரித்தே நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார்.

"பாத்தியா? தட்டி!" என்றார் மாமனார்.

"ஃபேன் இல்லாம உன் தட்டி இன்னா பண்ணிச்சி நைனா?" என்றார் மகன்.

அந்த வழக்கு அவர்கள் காலம் முழுக்க நடந்தது. கனகா அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் தூங்கினாள்.

விளக்கெண்ணெய்

அதன்பின் எங்கள் வீடு ஒரு ரயில்வே ஸ்டேஷன் போல நடந்தது. கால் மணிக்கு ஒரு தரம் தட்டிக்குத் தண்ணீர். அது மாமியாரும் நானும் முறை வைத்துக்கொண்டது. காலையில் திரி கத்தரிப்பு, சாம்பல் போட்டுக் கண்ணாடி துடைப்பு, மண்ணெண்ணெய் நிரப்பு. அது நானும் என் கணவரும்.

அதுவரை நானும் அவரும் பகலில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பெரியவர்கள் இருக்கும் வீடு. இப்போது ஃபேன் பேரைச் சொல்லிக்கொண்டு அரை மணி பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். "திரி கோணலா கீது" என்பார். "எங்க?" என்று நான் குனிவேன். கோணலே இருக்காது. அந்தத் திரியைப் போல ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்ட திரி இந்த ராஜதானியிலேயே இருந்திருக்காது.

தையல் மெஷின் எண்ணெய் விடுவது என் பொறுப்பு. ஒரு சொட்டு விட்டால் இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, நாலு சொட்டு விட்டால்? காலை, மத்தியானம், சாயங்காலம் என்று விட்டேன். சம்பந்தியம்மாள் வருவதற்கு முதல் நாள் பாட்டில் காலி. என் கணவரோ, பிரசவம் பார்க்க வரவேண்டிய எஸ்தர் நர்சம்மாவிடம் சொல்லி வைக்கத் திருவள்ளூர் போயிருந்தார்.

மத்தியானம் ஃபேன் கொஞ்சம் முனகியது.

"மெஷினு முக்குது பாரு, எண்ணெய் காட்டு" என்றார் மாமியார்.

"தீர்ந்துபூடுச்சி அத்தை. வேற எந்த எண்ணெய் விடறது?"

மாமியார் யோசித்தார். சும்மா சொல்லக்கூடாது, தீர்க்கமாகவே யோசித்தார். "குளுகுளுன்னு காத்து வர்ற மெஷினு. சூடு பண்ற எண்ணெய் ஊத்தக்கூடாது. வெளக்கெண்ணெய் ஊத்து. அதான் குளுர்ச்சி."

எனக்கும் மிகச் சரியாகவே பட்டது. கரண்டியால் எடுத்து, கண்ணில் பட்ட ஓட்டையிலெல்லாம் ஊற்றினேன்.

அரை மணி நேரம் அது பிரமாதமாக ஓடியது. பிறகு மெதுவாயிற்று. பிறகு வாணலி வாடை வந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இறக்கையைச் சுண்டினேன். அசையவில்லை. கையால் தள்ளினேன். பாகில் கரண்டி விட்டதுபோல் நகர்ந்து, அங்கேயே நின்றது.

மறுநாள் காலை சம்பந்தியம்மாள் வருகிறார். உள்ளே கனகா, "அண்ணி, காத்து நின்னுபூடுச்சி" என்கிறாள்.

சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கியவரைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் கேட்டது இதுதான்: "எவ்ளோ ஊத்தினே?"

"நாலு கரண்டி."

"பேதிக்கே ரெண்டு கரண்டிதானே!" என்றார்.

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை

விடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் ஒரு கோணியை விரித்து ஃபேனைக் கழற்றினோம். பாய் காட்டியது அவருக்கு முக்கால்வாசி நினைவிருந்தது. ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்தது. என் கைகளைப் பார்த்த மாடு பின்வாங்கியது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கோணியில் ஒரு சின்ன வளையம் மிச்சம் இருந்தது.

"இது எங்க இருந்துச்சி?" என்றார்.

"என்னைக் கேட்டா?"

இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருவாலங்காட்டுக் கோயில் தெருவில் இருக்கும் தையல்காரரிடம் எண்ணெய் வாங்கச் சைக்கிளில் பறந்தார்.

அவர் அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் சம்பந்தியம்மாளின் வண்டி வந்து நின்றது.

தடித்த கண்ணாடி போட்ட, நிமிர்ந்த அம்மாள். நேரே கனகாவின் அறைக்குப் போனார். தட்டி வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். காற்று இல்லை. கனகாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தன் முந்தானையால் துடைத்தார். பிறகு என் மாமியாரைப் பார்த்து, மெல்லத்தான் சொன்னார்.

"உங்க மேல குத்தம் சொல்லல சம்பந்தி. ஒரு தபா பறி குடுத்தாச்சி. என்னால முடியாது. நான் இட்டுக்கினு போறேன். கெளம்பும்மா கனகா."

மாமனார் வாசலில் நின்று துண்டை முறுக்கினார். என் மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செய்த வேலை இது என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

கனகா முந்திக்கொண்டாள். "அத்தை, நான் எங்கியும் வரல. இந்த ரூம்புக்கோசரம் இவங்க பட்ட பாடு உனுக்குத் தெரியாது. நைனா கையெல்லாம் வேர் குத்தி..." என்றவள், பாதியில் நிறுத்தி என் கையை இறுகப் பிடித்தாள். விரல்கள் வெள்ளையாகிவிட்டன. "அண்ணி" என்றாள். "வந்துடுச்சி."

பிறகு எல்லாமே ஓட்டம். திருவள்ளூருக்கு ரயில் ஏறி நர்சம்மாவை அழைத்து வர மாமனார் தானே வண்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு விரட்டினார். என் கணவர் எண்ணெயோடு வந்து சேர்ந்தார். ஆண்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதால் நான்தான் ஃபேனை அறைக்குள் தூக்கிப் போய், ஜன்னலருகில் நிறுத்தி, எல்லா ஓட்டையிலும் ஒரே ஒரு சொட்டு விட்டேன். திரியைக் கொளுத்தினேன். அந்தப் பத்து நிமிஷம் போல நீளமான பத்து நிமிஷம் என் வாழ்க்கையில் இல்லை. சுண்டினேன்.

டுக்டுக்டுக்.

சம்பந்தியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். தட்டியை ஊடுருவி வந்த காற்று அவர் நெற்றி முடியைக் கலைத்தது. "தண்ணி எங்க கீது?" என்று மட்டும் கேட்டார். செம்பை எடுத்துக்கொண்டு தட்டிக்குத் தெளிக்க ஆரம்பித்தவர், மத்தியானம் வரை செம்பைக் கீழே வைக்கவில்லை.

எஸ்தர் நர்சம்மா வந்ததும் ஃபேனைப் பார்த்துத் திகைத்தார். "இன்னா இது, அடுப்பா? ஸ்பிரிட் பாட்டில் கீது, தள்ளி வையிம்மா." ஒரு நிமிஷம் காற்றில் நின்றவர், "சரி, இருக்கட்டும்" என்று வேலையைத் தொடங்கினார்.

ஜன்னலுக்கு வெளியே, தட்டிக்கு அந்தப்புறம், மாமனார் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று என் கணவர் கத்திக்கொண்டிருந்தார். "சுசீலா! திரியை ஏத்து! ஏத்து!"

"ஆருய்யா அது ஏத்து ஏத்துன்னு! இங்க இன்னா கார்த்திகை தீபமா?" என்றார் நர்சம்மா. வலிக்கு நடுவில் கனகா சிரித்துவிட்டாள்.

மூன்று மணி இருக்கும். வெயில் உச்சத்தில் இருந்தபோது பெண் குழந்தை பிறந்தது. உடனே அழவில்லை. நர்சம்மா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். ஃபேன் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வெளியே தண்ணீர் ஊற்றுவதும் நின்றுவிட்டது. பிறகு ஓர் அழுகை வந்தது பாருங்கள், மெத்தை வீடே அதிர்ந்தது. இரண்டு சம்பந்திகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள்.

நான் கனகாவின் முகத்தைத் துடைக்கக் குனிந்தேன். அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணி" என்றாள். "குளுருதே."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "இன்னா?"

"ரொம்பக் குளுருது அண்ணி. போத்தி உடு."

பிறகு என் மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். சம்பந்தியம்மாளும் ஆரம்பித்தார்.

"சிரிக்காதீங்க. பெத்ததும் ஒடம்பு நடுங்கும், அப்படித்தான்" என்றார் நர்சம்மா. "கொழந்தைக்கும் இந்தக் காத்து ஆவாது. ஜன்னலைச் சாத்து. தட்டியை எடு. இந்த மெஷினை நிறுத்து. கும்பட்டில கரி போட்டு நெருப்பு கொண்டா."

ஜன்னலைச் சாத்தினோம். திரியை இறக்கினேன், ஊதி அணைத்தேன். ஃபேன் நிற்கவில்லை. அதன் வயிற்றில் அத்தனை சூடு. டுக்டுக்டுக்கென்று குதூகலமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எப்படிக் கிளப்புவதென்று சொன்ன பாய், எப்படி நிறுத்துவதென்று சொல்லவில்லையே!

கடைசியில் நானும் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து, ஓடுகிற ஃபேனை உற்சவ மூர்த்தி போல அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். மாமனாரும் என் கணவரும் தொப்பலாக நனைந்து எதிரே நின்றார்கள். "பொண்ணு!" என்றார் மாமியார், மூச்சு வாங்க. "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!" மாமனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

நான் அடுப்பங்கரைக்கு ஓடினேன். கும்பட்டியில் கரியை நிரப்பிக் கங்கு போட்டு அறைக்குக் கொண்டுபோனேன். கதவைச் சாத்தினேன். அக்கினி நட்சத்திரத்தில், மூன்று மணி வெயிலில், காற்று நுழைய இண்டு இடுக்கு இல்லாத அறையில், குந்தி உட்கார்ந்து ஊதாங்குழலால் நெருப்பை ஊதினேன். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக் கங்கில் விழுந்து சுர்ரென்றது. எனக்கு என்னமோ பாட வேண்டும் போலிருந்தது.

சாத்திய ஜன்னலுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

"சுசீலா, உள்ள எப்படி கீது?"

"கொதிக்குது!" என்றேன்.

"சொகமா கீது அண்ணா" என்றாள் கனகா, கம்பளிக்குள்ளிருந்து.